அமெச்சூர்னா கத்துக்குட்டியா?

"அவன் சரியான அமெச்சூர்"னு ஒருத்தர மட்டம் தட்டறதுக்குத்தான் இந்த வார்த்தைய நாம எடுக்குறோம், ஆனா இதோட வேர் லத்தீன்ல நேசிக்கிறவன்னு அர்த்தம் தர்ற ஒரு சொல், அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. 19ம் நூற்றாண்டு இங்கிலாந்துலதான் காசு வாங்காம ஆடுறவர்னு இதுக்கு ஒரு சட்ட அர்த்தம் ஏறுச்சு, கூலிக்கு உழைக்கிறவங்கள மைதானத்துக்கு வெளிய நிறுத்தவும் அது உதவுச்சு.

இந்த ஒரு வார்த்தையால பட்டவர் ஜிம் தார்ப். அமெரிக்கப் பூர்வகுடி, சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்துக்காரர். பென்சில்வேனியாவுல கார்லைல் பள்ளிக்காக ஃபுட்பால் ஆடுனார் (உதைபந்து இல்ல, கையில பந்த அணைச்சுக்கிட்டு ஓடுற அமெரிக்க ஆட்டம்). 1911ல ஹார்வர்ட 18-15னு ஜெயிச்சப்போ நாலு ஃபீல்ட் கோல் (ரெண்டு கம்பத்துக்கு நடுவுல பந்த உதைச்சு எடுக்குற புள்ளி) இவர் அடிச்சதுதான். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ்ல பென்டத்லான் (அஞ்சு தடகளப் போட்டி சேர்ந்தது), டெகத்லான் (பத்து சேர்ந்தது) ரெண்டுலயும் தங்கம். அதுக்கு முன்னாடி 1909, 1910ல சின்ன லீக் பேஸ்பால்ல கொஞ்சம் காசு வாங்கி ஆடியிருக்கார், அதனால நீ அமெச்சூரே இல்லன்னு 1913ல ஒலிம்பிக்ஸ் நடத்துறவங்க பதக்கத்தப் புடுங்கிட்டாங்க, இத்தனைக்கும் ஆட்சேபம் இருந்தா 30 நாளுக்குள்ள சொல்லணும்னு அவங்களே போட்ட விதி இருக்கு, அந்தக் கெடு எப்பவோ முடிஞ்சிருச்சு. இத படிக்கிறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் 1915ல கான்டன் புல்டாக்ஸ்ங்கிற ஃபுட்பால் அணி ஒரு மேட்சுக்கு 250 டாலர் குடுத்து கூப்பிட்டுச்சு. இன்னைக்கு என்எஃப்எல்னு சொல்ற தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் லீக் 1920ல தொடங்குனப்போ அதுக்கு முதல் தலைவரும் இவர்தான். 1953ல இறந்துட்டார். 1982ல ஒலிம்பிக் கமிட்டி கூட்டு வெற்றியாளர்னு பேர சேர்த்துச்சு, தனி வெற்றியாளர்னு ஒத்துக்க 2022 ஆயிருச்சு.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? கத்துக்குட்டி சுத்தமா பொருந்தாது, தார்ப் எதுல கத்துக்குட்டி? எனக்குப் புடிச்சது ஆர்வலர். திருக்குறள் 71ல இந்தச் சொல்லுக்கு அன்புடையவர்னுதான் பொருள், லத்தீன் வேரும் அதே இடத்துலதான் நிக்குது. ஆனா சமூக ஆர்வலர், சுற்றுச்சூழல் ஆர்வலர்னு கேட்டுப் பழகிட்டதால விளையாட்டுச் செய்தியில தனியா போட்டா குழப்பும். அதனால தொழில்முறை வீரருக்கு ஜோடியா ஆர்வமுறை வீரர்னு எழுதலாம்ங்கிறது என் கருத்து.