முதுகெலும்பு வளைவும் பிரேஸ் போடும் மணிக்கணக்கும்

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, முட்டி மடங்காமல் கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் அது ஸ்கோலியோசிஸாக இருக்கலாம். இதில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கியும் கொள்கிறது. அந்த முறுக்கில் விலா எலும்புகளும் திரும்பிவிடுவதால்தான் மேடு தெரிகிறது. பிள்ளை ஒழுங்காக உட்காராததால் இது வருவதில்லை. தயவுசெய்து அதற்காகத் திட்டாதீர்கள்.

வளைவை எக்ஸ்ரேயில் 'காப் கோணம்' என்று அளப்பார்கள். 10 டிகிரியை எட்டினால்தான் அது ஸ்கோலியோசிஸ். 25-க்குள் என்றால் பெரும்பாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவந்தால் போதும். 25 முதல் 40 வரை இருந்து, பிள்ளை இன்னும் வளர வேண்டியிருந்தால் பிரேஸ் போடச் சொல்வார்கள்.

ஏன் வளரும்போது மட்டும்? வளைவின் உட்பக்கத்தில் எலும்புகள் நெருங்கி அழுந்துகின்றன. அழுத்தம் கூடிய பக்கம் மெதுவாக வளரும், மறுபக்கம் வேகமாக வளரும். இதனால் முள்ளெலும்பே ஆப்பு மாதிரி ஆகி, வளைவு இன்னும் கூடுகிறது. பிரேஸ் என்பது அக்குளிலிருந்து இடுப்புவரை வரும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு. உள்ளே ஒட்டிய பட்டைகள் புடைத்த பக்கத்தை அழுத்தும். எதிர்ப்பக்கம் முதுகு நகர்ந்துகொள்ள இடம் விட்டிருக்கும். உட்பக்க அழுத்தம் குறைவதால் வளைவு கூடாமல் நிற்கிறது. இருக்கும் வளைவை அது முழுசாக நிமிர்த்திவிடாது. வளர்ச்சி முடிந்தபின் போட்டால் இந்தப் பலனும் கிடைக்காது.

2013-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வு ஒன்றில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. போடாதவர்களில் அது 48 சதவீதம். பிரேஸுக்குள் வெப்பத்தை உணரும் சென்சார் இருந்ததால் உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்பதும் தெரிந்தது. நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பலன்! பள்ளிக்குக் கூடப் போட்டுக்கொண்டு போகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

45, 50 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி நின்றபின்னும் வளைவு மெல்லக் கூடலாம். அப்போதுதான் அறுவை சிகிச்சை. எலும்புகளில் திருகாணி போட்டு, கம்பியால் இணைத்து, எலும்புத் துணுக்குகளை வைத்து ஒன்றாக ஒட்டவிடுவார்கள். ஒட்டிய பகுதி பிறகு குனியாது, வளையாது. அதனால் இடுப்புக்குப் பக்கத்தில் எத்தனை எலும்புகளை ஒட்டாமல் விடமுடியும் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.