சனிக்கிழமை வயிற்றுவலி

ஏழு வயதுப் பையன். மூன்று மாதத்தில் நாலாவது முறையாக வயிற்றுவலி என்று அம்மா கூட்டி வந்திருந்தார். பூச்சி மாத்திரை இரண்டு தடவை கொடுத்தாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். எந்தக் கிழமையில் வலிக்கிறது என்று கேட்க எனக்கு அன்றுதான் தோன்றியது.

"சனிக்கிழமைங்க. சாயங்காலம் ஆனாலே."

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் தருவது சனிக்கிழமை.

எடை பார்க்க நர்ஸோடு பையனை அனுப்பிவிட்டு அம்மாவிடம் பேசினேன். "என்னையத்தானுங்க அடிப்பாரு. பையன் மேல ஒரு நாளும் கை வெச்சதில்லைங்க." இதே வார்த்தைகளை எத்தனையோ அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி வேறு.

அப்புறம் பையன் சொன்னான். அப்பா வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே குடித்திருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். தெரிந்ததும் அடுப்படிக்கு ஓடி அருவாமனையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அருவாமனையை மாற்றவில்லை.)

அடி விழாத பிள்ளைதான். ஆனால் வாரம் முழுக்க அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தே இருக்கிற உடம்பு அது. சிலருக்கு வயிற்றுவலி, சிலர் பத்து வயதிலும் படுக்கையை நனைக்கிறார்கள், சிலர் வகுப்பில் தூங்கி வழிகிறார்கள். நாம் பூச்சி மாத்திரை எழுதுகிறோம்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். என் ஓபி வரிசையில் பத்து அம்மாக்கள் உட்கார்ந்திருந்தால் அதில் நாலு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்து 1998-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பால்ய காலக் காயங்களின் பட்டியலில் பிள்ளை வாங்கிய அடியோடு அம்மா வாங்கிய அடியையும் சேர்த்தே எண்ணியது. அந்தப் பட்டியல் நீள நீள, பெரியவர்களான பிறகு இதய நோயும் மன அழுத்தமும் கூடுவதையும் காட்டியது.

"கணவர் அடிப்பாரா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் "இல்லைங்க" என்றுதான் வரும். "வீட்டுல சண்டை வந்தா தம்பி எங்க இருப்பான்?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவிடம் தனியாக. ஆசிரியர்களும் கேட்கலாம்.

கேஸ் கொடுத்தால் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று அந்த அம்மா பயந்தார். 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு கணவன் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்க அவருக்கு உரிமை உண்டு. போலீஸுக்குப் போகாமலே மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098.

சீட்டில் எழுதித் தரட்டுமா என்றேன்.

"வேண்டாங்க, பார்த்துட்டார்னா வம்பு. ரெண்டு நம்பர்தானுங்களே." வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.