வள்ளத்துக்கு பிளைவுட்டும் திருகாணியும் வாங்கும் முன்

பழுது பார்க்க வரும் பிளைவுட் வள்ளங்களில் பலகையின் நடுப்பகுதி பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். விளிம்பும் திருகாணித் துளையும்தான் முதலில் கெடுகின்றன. இயந்திரம் மாட்டும் பின்பலகையின் மேல்விளிம்பு, ஏராவை (வள்ளத்தின் நடு அடிமரத்தை) ஒட்டிய அடிப்பலகை, வங்கோடு (உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் சட்டத்தோடு) பலகை சேரும் இடம் ஆகிய மூன்றிலும் உளி முனையை வைத்து அழுத்திப் பார்த்தால் வள்ளத்தின் நிலை ஓரளவு தெரிந்துவிடும். உளி தயங்காமல் இறங்கினால், மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்திருந்தாலும் உள்ளே மரம் போய்விட்டது என்று பொருள்.

கட்டுமரத்துக்கு ஏற்ற பெருமரங்கள் அரிதாகிவந்த 1980களில் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் பிளைவுட் வள்ளங்கள் பரவத் தொடங்கின. இன்று கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. ஆனாலும் பிளைவுட்டை விட்டபாடில்லை: கண்ணாடியிழைப் படகின் பின்பலகையைப் பிரித்தால் பல படகுகளில் உள்ளே இருப்பது பிளைவுட்தான். எந்தப் படகு வைத்திருந்தாலும் இந்தப் பலகையை வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடையில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று சொல்லித் தருவதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு எந்த அளவுகோலும் இல்லை. பலகையின் மேல் அச்சிட்டிருக்கும் இந்தியத் தர எண்ணைப் (ஐ.எஸ்.) பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது வீட்டு வேலைக்கான பொதுப் பலகை. அதில் எம்.ஆர். (ஈரம் தாங்கும்) வகை யூரியா பசையால் ஒட்டப்படுவது. ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரில் பிரிந்துவிடும். பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) வகை அதைவிட மேல், சமையலறைக்குப் போதும். வள்ளத்துக்கு வேண்டியது ஐ.எஸ். 710, மரைன் பிளைவுட். இதன் ஃபீனால் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிடிவிடக்கூடாது என்பது விதி. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அதை இந்தியத் தர அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் செல்லுமா என்று காட்டிவிடும். கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள். நேர்மையான வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார்.

முத்திரை இருந்தாலும் எங்கள் பட்டறையில் ஒரு துண்டை வேகவைக்காமல் விடுவதில்லை. உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றைப் பகல் முழுவதும் கொதிக்க வைத்து, ஆறியதும் அடுக்குகளுக்கு இடையே உளியைக் கொடுத்து நெம்ப வேண்டும். அடுக்கு வழுவழுப்பாகக் கழன்று வந்தால் பசை தோற்றுவிட்டது. நார் நாராகக் கிழிந்து, மரம் ஒரு பக்கத்திலிருந்து பிய்ந்து மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் பசை மரத்தைவிட வலுவானது. அந்தப் பலகையை நம்பலாம்.

பசை சரியாக இருந்து, உள் அடுக்குகளில் இடைவெளி இருந்தால் என்ன செய்வது? பல பலகைகளின் ஓரம் சிவப்புப் பெயின்ட் பூசியோ மாவு அடைத்தோ வருகிறது. அதன்மேல் ஒன்றும் தெரியாது. ஓரத்தில் ஒரு விரற்கடை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். நாணயத்தால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை மாறும் இடத்தில் பொந்து இருக்கலாம். தண்ணீர் அந்தப் பொந்தில் தேங்கினால் வெளியேற வழியில்லை. 9 மி.மீ. பலகையில் 5 அடுக்கு உள்ளதைவிட 7 அடுக்கு உள்ளதை நான் தேர்ந்தெடுப்பேன். கையில் பணம் குறைவு என்றால் ஒட்டுப்போடும் பரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தரத்தைக் குறைக்காதீர்கள்.

அழுகலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உப்புநீரில் மரத்தை அழுகவைக்கும் பூஞ்சை எளிதில் வளராது. மழைநீர்தான் அதற்குத் தோது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவமழையில் கரையேற்றி, மூடாமல் போட்ட வள்ளம், கடலில் ஓடிக்கொண்டிருக்கும் வள்ளத்தைவிட வேகமாகக் கெடுவது இதனால்தான்.

இனித் திருகாணி. தச்சர்கள் எல்லா வேலைக்கும் போடும் கறுப்புத் திருகாணி ஜிப்சம் பலகைக்காகச் செய்யப்பட்டது. கடினமான எஃகு, ஆனால் முறிந்துபோகும் குணம். மேலே உள்ள கறுப்புப் பூச்சு உப்புக்காற்றில் ஒரு பருவம்கூடத் தாங்காது. வள்ளத்தில் அதைப் போடவே கூடாது. பித்தளையும் நீர்மட்டத்துக்குக் கீழே ஆகாது. கடல்நீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைப் பிரித்தெடுத்துவிடும். இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சுபோல் ஒரு செம்புக் கூடு மட்டும் மிஞ்சும். திருப்புளியை வைத்துத் திருகினால் தலை தனியாக வந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் என்றால் கவலையில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த எஃகைக் காப்பது அதன்மேல் உருவாகும் மெல்லிய குரோமிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். நனைந்த மரத்துக்குள் காற்று ஏது? பழைய வள்ளத்தில் கழற்றிய திருகாணியைப் பாருங்கள்: தலை புதிதுபோல் மின்னும், கூர்முனையும் நன்றாக இருக்கும், இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் மட்டும் கழுத்து அரித்துக் கம்பிபோல் மெலிந்திருக்கும். 304 வகையைவிட 316 இதைக் கூடுதலாகத் தாங்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால். காந்தம் வைத்துப் பார்ப்பது ஓரளவுக்கே உதவும். பலமாக இழுத்தால் அது துருப்பிடிக்கும் 410 வகையாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். 304க்கும் 316க்கும் உள்ள வேறுபாட்டைக் காந்தம் சொல்லாது. பெட்டியில் 316 அல்லது ஏ4 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

நீர்மட்டத்துக்குக் கீழே என் முதல் தேர்வு சிலிக்கான் வெண்கலம். விலை அதிகம், எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. கிடைக்காதபோது 316 போட்டு, துளையை எப்பாக்ஸியால் (இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பசை) நனைத்து இறுக்குகிறோம். துத்தநாகம் பூசிய இரும்பு போடுவதென்றால் உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த சாம்பல் நிறச் சொரசொரப்பு வகையாக இருக்கட்டும். பளபளப்பாக இருப்பது மின்பூச்சு; அதன் கனம் மிகக் குறைவு. வெண்கலத்தையும் இரும்பையும் அருகருகே போட்டால் கடல்நீரில் இரும்பு கரைந்துபோகும். ஒரு வள்ளத்துக்கு ஒரே உலோகம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

திருகாணியின் நீளம் பலகைக் கனத்தைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். 9 மி.மீ. பலகைக்கு 8ஆம் எண் (திருகாணியின் தடிமனைக் குறிக்கும் எண்), ஒன்றேகால் அங்குலம் சரியாக இருக்கும். வங்கில் முன்துளை போடாமல் திருகாதீர்கள். திருகாணியின் மரையில் மெழுகு தடவிக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். கடைசிச் சுற்றைக் கையால் இறுக்குங்கள். மின்திருப்புளி தலையை மேலடுக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறக்கிவிடும், அந்தக் கிழிசல் வழியே தண்ணீர் போகும். பலகையின் விளிம்புக்குள் திருகாணியை ஏற்றாதீர்கள். அடுக்குகள் பிளந்துவிடும், பிடிமானமும் இராது.

ஒட்டுத்துண்டின் மூலைகளை வளைவாக வெட்டுங்கள். இரண்டு பலகைகளின் ஓரங்களையும் சரிவாகச் சீவி ஒட்டும் சாய்வு இணைப்பு போட்டால் கனத்துக்கு எட்டு மடங்கு நீளம் வேண்டும், 9 மி.மீ. பலகைக்கு 72 மி.மீ. ஒட்டுவதற்கு எப்பாக்ஸியே ஏற்றது. கண்ணாடியிழைப் படகுக்கு ஊற்றும் பாலியெஸ்டர் ரெசின் மரத்தை நன்றாகப் பிடிக்காது. சில பருவங்களில் தோல்போல் உரிந்து, உரிந்த இடத்தில் தண்ணீரைத் தேக்கிவைக்கும். வெட்டிய விளிம்பு விளக்குத் திரிபோல ஈரத்தை உறிஞ்சும். அதனால் அங்கே எப்பாக்ஸியைப் பூசிப் பூசி, அது இனி குடிக்கவில்லை என்று தெரியும்வரை நிறுத்தாதீர்கள். திருகாணித் துளையும் ஒரு விளிம்புதான்.

மழை முடிந்ததும் பின்பலகைக்கு அருகில் ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். கழுத்து மெலிந்திருந்தால் அதன் இருபக்கத்துத் திருகாணிகளையும் கழற்றிப் பாருங்கள். பழைய துளையில் அதே அளவு பிடிக்காது. துளையை நன்றாகக் காயவிட்டு, 8ஆம் எண் இருந்த இடத்தில் 10ஆம் எண்ணைப் போடுங்கள்.