சிவப்பு மாத்திரையை ஒதுக்கிய அண்ணன்

"மிஸ்ஸி, என்மேல நம்பிக்கை இல்லையா?" காசநோய்க்காரர்களுக்கு மாத்திரை கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் தாதியான எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. சிங்கப்பூரில் 1997இலிருந்தே பலதுறை மருந்தகங்களில் இதுதான் நடைமுறை, நோயாளி நேரில் வந்து தாதியின் கண்முன்னே விழுங்க வேண்டும்.

ஒருநாள் ஓர் அண்ணன் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்தார், கையில் கசங்கிய டிஷ்யூ. விரித்தால் சிவப்பு மாத்திரை. "சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகுது, ரத்தம்னு பயந்துட்டேன். மத்ததைப் போட்டுட்டேனே!" அந்தச் சிவப்பு மாத்திரைதான் ரிஃபாம்பிசின், அதைச் சாப்பிட்டால் சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட அந்த நிறமாகும், ஆபத்தில்லை. முதல் நாளே அதை அவருக்குப் புரியும்படி சொன்னேனா என்று எனக்கே சந்தேகம்.

ஆனால் அவர் செய்தது மறதியைவிட மோசம். நுரையீரலில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் சில, பிறவியிலேயே ஏதாவது ஒரு மருந்துக்கு மசியாது. அதனால்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் இரண்டு மருந்து. ஒன்றுக்குத் தப்பியதை இன்னொன்று பிடிக்கும். நாமே ஒன்றை எடுத்துவிட்டால் தப்பியது பெருகிக்கொண்டே போகும். அந்த நான்கில் முக்கியமான ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காத நிலைக்குப் போனால் அதுதான் பலமருந்து எதிர்ப்புக் காசநோய். 2023இல் உலகில் சுமார் 4 லட்சம் பேருக்கு அதுவோ, ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோயோ வந்ததாக உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, அதில் கால்வாசிக்குமேல் இந்தியாவில்.

மாத்திரையை விட்டவருக்குத்தான் அது வரும் என்றும் நினைக்காதீர்கள். அந்தக் கிருமி காற்றில் அப்படியே பரவும். 2016இல் சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஒரே அடுக்குமாடி புளோக்கில் ஆறு பேருக்கு இந்த வகை இருந்தது வெளியே வந்தது. அவர்களுக்கு நோய் கண்டறியப்பட்டது ஒரே சமயத்தில் அல்ல, நான்கு ஆண்டுகளில். மரபணுச் சோதனைதான் கிருமி ஒன்றே என்று காட்டிக்கொடுத்தது. (தட்டு, கரண்டியால் பரவாது, வீட்டில் தனித் தட்டு வைத்து யாரையும் நோகடிக்க வேண்டாம்.)

முன்பு பலமருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு ஒன்றரை, இரண்டு வருட வைத்தியம், மாதக்கணக்கில் ஊசி, சிலருக்குக் காது கேட்காமலே போய்விடும். பெடாகுவிலின் உள்ளிட்ட நான்கு மருந்துகளை ஆறு மாதம் தரலாம் என்று 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது பெரிய நிம்மதி, ஆனாலும் அதில் வரும் லினசோலிட் கால் மரத்துப்போக வைக்கலாம், ரத்த அணுக்களையும் குறைக்கலாம். எல்லாருக்கும் அது பொருந்துவதும் இல்லை. பெடாகுவிலினுக்கும் அடங்காத கிருமிகள் இப்போதே வந்துவிட்டன.

பலரும் மாத்திரையை விடுவது இருமல் நின்று, பசியெடுத்து, உடம்பு தேறும் இரண்டாம் மாதத்தில்தான். இன்னொரு காரணம் ஊர்ப் பயணம். கல்யாணமோ பொங்கலோ, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே எங்களிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் பேசி அதற்கு வழி பார்க்கலாம். விமான நிலையத்திலிருந்து போன் போட்டு "மிஸ்ஸி, ஒரு மாசம் லீவு" என்றால் நான் என்ன செய்ய?