ஹோஸ்டிங் என்பது ஓம்பல்

மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் கடைக்கு வெப்சைட் வைப்பவர்கள் "ஹோஸ்டிங் வாங்கியாச்சு" என்பார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்டால் "நெட்டுல இடம் பிடிச்சாச்சு" என்று விளக்கம் வரும். வெப்சைட்டின் கோப்புகளை, எப்போதும் இணையத்தில் இருக்கும் சர்வர் என்ற கணினியில் கட்டணத்துக்கு வைத்துத் தருவதுதான் ஹோஸ்டிங். கேரள எல்லை தாண்டிப் பாறசாலைக்குப் போனாலும் பேச்சு இதுதான், மொழி மட்டும் மலையாளம். இந்தத் தொழிலில் இருக்கிற நானும் வெகுகாலம் 'இடம்' என்றே சொல்லிவந்தேன். அந்தச் சொல்லே நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். இடம் என்றால் எத்தனை ஜிபி, எத்தனை ரூபாய் என்பதோடு பேரம் முடிந்துவிடும். அங்கே வைத்த கோப்புகளை யார் தொடலாம், தொலைந்தால் எங்கிருந்து மீட்பது என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் வழியே இல்லை.

ஹோஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் ஹோஸ்பெஸ் என்றால் விருந்து கொடுப்பவர். விருந்துக்கு வந்தவருக்கும் அதே சொல்தான். ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. அதற்கு உறவான ஹோஸ்டிஸ் முதலில் அயலானைக் குறித்தது, பிறகு பகைவனைக் குறித்தது. வாசலில் நிற்பவன் விருந்தாளியா, பகையாளியா என்பது அந்தக் காலத்து வீட்டுக்காரரின் கவலை. சர்வரைக் காப்பவர்களுக்கு இன்றும் அதே கவலைதான்.

கணினி உலகில் இந்தச் சொல் இணையத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1969 ஏப்ரல் 7 தேதியிட்ட முதல் ஆர்எஃப்சி (இணையம் இயங்கும் முறைகளைப் பேசும் ஆவண வரிசை) ஆவணத்துக்கு ஸ்டீவ் கிராக்கர் வைத்த தலைப்பு 'ஹோஸ்ட் சாஃப்ட்வேர்'. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையில் இணைந்த பெரிய கணினிகளுக்கு ஹோஸ்ட் என்று பெயர். பலருடைய வேலைக்கு ஒரே கணினி இடம் கொடுத்தது என்பதால் அதை விருந்து கொடுப்பவர் என்று பார்க்கலாம்.

தமிழில் என்ன சொல்வது? சர்வருக்கு 'வழங்கி' என்ற சொல் நிலைத்துவிட்டது, ஆனால் அது கருவியின் பெயர். ஹோஸ்டிங் என்பது ஒரு செயல். 'புரவு' என்று சொல்லிப் பார்க்கலாம், புரத்தல் என்றால் காத்தல்தான். ஆனாலும் புரவலர் என்றதும் பரிசில் கொடுக்கும் வள்ளல்தான் நினைவுக்கு வருகிறார், ஆண்டுக் கட்டணம் வாங்குபவருக்கு அது பொருந்தாது. நான் தேர்ந்துகொண்ட சொல் 'ஓம்பல்'. விருந்தோம்பல் என்பதில் ஏற்கெனவே நம் வீட்டில் புழங்குகிற சொல். பள்ளி உயிரியல் பாடத்தில் ஒட்டுண்ணி தங்கும் உயிரை விருந்தோம்பி, ஓம்புயிரி என்று படித்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஓம்புதல் என்றாலே காத்தல், பேணுதல், வளர்த்தல் என்றுதான் பொருள். 'ஒழுக்கம் உயிரினும் ஓம்பப் படும்' என்கிற குறளில் சோறும் இல்லை, விருந்தாளியும் இல்லை. காவல் மட்டுமே உண்டு. புறநானூற்று ஐந்தாம் பாட்டில் நரிவெரூஉத் தலையார் சேரமன்னன் ஒருவனிடம், நாடு காப்பதைக் 'குழவி கொள்பவரின் ஓம்புமதி' என்கிறார். குழந்தை வளர்ப்பவர் போலக் காத்துக்கொள் என்பது பொருள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மொழியாக இருந்த காலத்துச் சொல் அது. ஹோஸ்ட் என்பதில் இடம் கொடுத்தல்தான் முன்னால் நிற்கிறது. ஓம்பல் என்பதில் காவல் உள்ளேயே இருக்கிறது.

நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். குழித்துறைப் பக்கம் தேன் விற்கிற ஒரு அண்ணாச்சிக்கு வெப்சைட் செய்துகொடுத்தேன். ஒருநாள் காலையில் போன் வந்தது. "மக்களே, நம்ம கடையத் தொறந்தா ஏதோ சீட்டு விளையாட்டு வருதுன்னு ஒரு ஆளு சொல்லுகாரு." உள்ளே போய்ப் பார்த்தேன். படங்கள் வைக்கிற கோப்புறையில், தேன் பாட்டில் படங்களுக்கு நடுவே, நான் எழுதாத ஒரு பிஎச்பி கோப்பு, அதாவது சர்வரில் ஓடும் நிரல், இருந்தது. அது ஏறிய நேரம் இரவு 2 மணி 40 நிமிடம். படம் ஏறவில்லை என்று சில மாதம் முன்பு அந்தக் கோப்புறைக்கு 777 என்று அனுமதி போட்டிருந்தேன். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூவருக்கும் 7 கொடுத்தால், அதே கணினியில் குடியிருக்கும் அடுத்த கணக்குக்காரரும் எழுதலாம். கணக்குகளைத் தனித்தனியே சுவர் வைத்துப் பிரிக்காத மலிவான நிறுவனம் அது. நான் வைத்திருந்த காப்புப்படியும் (பேக்கப்) அதே கணக்கிலேயே இருந்ததால் அதிலும் அந்தக் கோப்பு ஏறியிருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தேன். இப்போது கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644, கடவுச்சொல் இருக்கும் கோப்புக்கு 600. எழுதும் உரிமை உரிமையாளருக்கு மட்டும், கடைசியதில் படிக்கும் உரிமையும் அவருக்கு மட்டும்.

அந்தக் கடவுச்சொல் கோப்பை, இணையத்தில் யாரும் திறக்கக்கூடிய பொதுக் கோப்புறைக்கு வெளியே வைப்பதும் அப்போது கற்றதுதான். பிஎச்பி நிரல் வழங்கியிலேயே ஓடி விடையை மட்டும் அனுப்பும். ஆனால் அமைப்பில் ஒரு கோளாறு வந்தால் நிரலே அப்படியே எழுத்தாகத் திரையில் வந்து நிற்கும். பார்ப்பவர் திரையில் பக்கத்தை உருவாக்கும் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் கதை வேறு; பார்ப்பவர் கணினிக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும், மறைக்க முடியாது. வலது கிளிக்கைத் தடுத்துத் தரச்சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. ரகசியமாக இருக்கவேண்டியது அந்தப் பக்கம் போகவே கூடாது.

கோப்பு போகும் வழியும் ஓம்பலில் சேர்ந்தது. கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி முறையை 1971-இல் எழுதியவர் இந்தியரான அபய் பூஷண். வலை சிறியதாக இருந்த காலம் அது, கடவுச்சொல் மூடாமலே போகும். பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகு, 1995-இல் டாட்டு யிலோனன், எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்எச் முறையை எழுதினார். அதன்மேல் ஓடும் கோப்பு அனுப்பும் முறை எஸ்எஃப்டிபி. அது தராத நிறுவனத்தை நான் இன்று எண்ணிப் பார்ப்பதே இல்லை.

'ஓம்படை' என்று இன்னொரு சொல் உண்டு. தோழி தலைவியைத் தலைவன் கையில் ஒப்படைத்து, இவளைக் கைவிடாமல் காத்துக்கொள் என்று சொல்வதை அக இலக்கணம் ஓம்படைக் கிளவி என்கிறது. ஓம்பல் ஹோஸ்டிங் நிறுவனம் செய்வது, ஓம்படை நாம் செய்வது. எதைக் காக்கவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். காப்புப்படி எத்தனை நாளுக்கு ஒன்று, எந்த ஊரில், நானே இறக்கிக்கொள்ளலாமா என்று எழுத்தில் கேட்கிறேன். 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தது. காப்புப்படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

இந்த ஆண்டு அண்ணாச்சிக்குக் கொடுத்த ரசீதில் 'ஓம்பல் கட்டணம்' என்று எழுதினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ரப்பர் தளிர்க்கிற காலத்தில் தேனீப் பெட்டிகளை எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் வைத்துவிட்டு வருகிறவர் அவர். "பெட்டிய வெச்சிட்டு வாற மாதிரிதானே? அங்க யாரு பாத்துக்கிடுவா?" என்று கேட்டார். நிறுவனத்தின் பெயர், காப்புப்படி இருக்கும் ஊர், கூப்பிடவேண்டிய எண் மூன்றையும் ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.