புன்னை இலையில் ஓடும் பால்

புன்னை இலை ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடு நரம்பின் இருபுறமும் சீப்புப் பல் போல நெருக்கமான கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக விளிம்பு வரை ஓடும். மாவிலையில் தெரிகிற கிளை நரம்புகளை இதில் தேடினாலும் கிடைக்காது. ஒரு நரம்பு, அடுத்து பால் ஓடும் மெல்லிய குழாய், அப்புறம் மறுபடி நரம்பு என்று மாறி மாறி அமைந்த இலை இது. கிழித்தால் விளிம்பில் கசிவது அந்தக் குழாயின் பால்தான். பூச்சி கடித்தால் அதன் வாயில் முதலில் படுவதும் அதுதான்.

கிரேக்கத்தில் ‘அழகிய இலை’ என்று பொருள்படும் காலோஃபில்லம் என்ற பெயர் இந்தப் பேரினத்துக்கு வந்தது இந்த இலையால்தான். வெப்பமண்டலமெங்கும் ஏறக்குறைய 200 இனங்கள் உண்டு, பெரும்பாலும் பசுமை மாறாதவை. நம் கடற்கரைப் புன்னை அதில் ஒன்று. (புங்கை வேறு, புன்னை வேறு. எண்ணெய் வாங்குகிறவர்கள்கூட இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.)

கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி பசிபிக் தீவுகள் வரை இந்த ஒரே இனம் கரையோரமாகப் பரவியிருக்கிறது. காரணம் அதன் காய். கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரியது. மேலே மெல்லிய சதை. பழுத்ததும் வௌவால் அதைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிடும். கொட்டையை உடைத்தால் கெட்டியான ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே தக்கை போன்ற ஒரு படலம் தெரியும். அதில் காற்று அடைந்திருப்பதால் கொட்டை மூழ்குவதில்லை. அலை எங்கே ஒதுக்குகிறதோ அங்கே முளைக்கும். விளையாட்டாக வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்து வளர்ந்ததையும், அந்த மரத்தை மகளுக்கு உடன்பிறந்தவள் என்று தாய் சொன்னதையும் ஒரு சங்கப் பாட்டு பேசுகிறது. மணலில் புதைத்தால் போதும், மற்றதை விதை பார்த்துக்கொள்ளும் என்பதைப் பாடியவர் நேரில் கண்டிருக்க வேண்டும்.

மரத்துக்கு வருவோம். புன்னைக் கட்டையைக் கோடாலியால் பிளப்பது லேசில்லை. சில ஆண்டுகளில் வளர்ந்த நார்கள் இடப்பக்கமாகத் திருகி ஏறியிருக்கும். அதன் மேல் வளர்ந்தவை வலப்பக்கமாக. கோடாலி வாய் நேராக இறங்க வழியே இருக்காது. இழைப்புளி போட்டால் ஒரு பட்டை வழவழப்பாகும், பக்கத்துப் பட்டை சிலும்பும். தச்சருக்குத் தொல்லையான இந்தக் குணம்தான் படகுக்கு நல்லது. ஆணி அடித்தாலும் அலை அறைந்தாலும் சட்டென்று பிளக்காது. கடற்கரைப் புன்னை வளைந்து வளர்வதால் படகின் விலாச் சட்டங்களுக்கு ஏற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதன் உறவினங்களோ நெடுநெடுவென்று நேராக நிற்கும். அவை பாய்மரங்களாகக் கப்பலேறின. ஆங்கிலேயர் அதைப் ‘பூன்’ என்றார்கள். நம் புன்னை என்ற பெயரின் தேய்ந்த வடிவம்தான் அது.

எண்ணெய் விஷயத்தில் புன்னைக்குப் பொறுமை வேண்டும். பச்சைப் பருப்பைப் பிழிந்தால் அவ்வளவாக எண்ணெய் வராது. வாரக்கணக்கில் காய வைத்தால் வெளிறிய பருப்பு பழுப்பேறி, கையில் பிசுபிசுக்கும். நன்றாகக் காய்ந்த பருப்பின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய். அது பச்சை கலந்த கருநிறத்தில் கெட்டியாக, தனி வாசனையோடு வரும். இலையின் பாலில் இருக்கும் அதே வகைப் பிசின் இதிலும் கரைந்திருப்பதே அதற்குக் காரணம். சமையலுக்கு ஆகாது. விளக்கெரிக்கவும் மூட்டுவலிக்குத் தேய்க்கவும் நம்மவர்கள் பயன்படுத்தினார்கள். தஹிதியில் தமானு என்ற பெயரில் தோலுக்குப் பூசுகிறார்கள். இந்தோனேசியாவில் இதிலிருந்து பயோடீசல் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்த எண்ணெயில் தனித்து நிற்கும் கொழுப்பு அமிலங்கள் அதிகம். நேராகக் காரம் சேர்த்தால் சோப்பாகிவிடும். அதனால் முதலில் அமிலத்தின் துணையோடு மெத்தனால் சேர்த்து அவற்றை மாற்றிவிட்டு, பிறகுதான் காரம் சேர்க்கிறார்கள்.

இனி அந்தப் பாலின் கதை. 1987-இல் மலேசியாவின் சரவாக் காட்டில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தேடலுக்காகப் பல மரங்களின் இலைகளையும் குச்சிகளையும் சேகரித்தார்கள். அதில் காலோஃபில்லம் லனிஜெரம் என்ற மரத்தின் சாறு, ஆய்வகத்தில் எச்.ஐ.வி. பெருகுவதைத் தடுத்தது. அதிலிருந்து பிரித்த பொருளுக்குக் கலனோலைடு ஏ என்று பெயர். அந்த வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்தால்தான் நம் செல்லுக்குள் குடியேற முடியும். படியெடுக்கும் நொதியில் போய் ஒட்டிக்கொண்டு, அது வேலை செய்ய விடாமல் முடக்குகிறது கலனோலைடு.

இன்னும் கொஞ்சம் இலை வேண்டுமென்று திரும்பப் போனவர்கள் அந்த மரத்தைக் காணவில்லை. வெட்டிவிட்டிருந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே இனம்தான் என்று கருதி வேறு மரங்களிலிருந்து எடுத்த மாதிரிகளில் அந்தப் பொருள் கிடைக்கவில்லை. மரத்துக்கு மரம் பாலின் சேர்க்கை மாறுகிறது. ‘இந்த இனம் அழியவில்லை, வேறு மரங்கள் இருக்கின்றன’ என்ற சமாதானம் எனக்குப் போதாமல் போனது அன்றுதான்.

பிறகு சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் நின்ற பழைய மரங்கள் கைகொடுத்தன. 1990-களில் கலனோலைடு ஏ-யை ஆய்வகத்திலேயே உருவாக்கவும் வழி பிறந்தது. மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை போனாலும் மருந்துக் கடைக்கு அது வந்து சேரவில்லை. தேடலுக்கு நடுவே காலோஃபில்லம் டெய்ஸ்மானி என்ற இன்னோர் உறவினத்தின் பாலில் கலனோலைடு பி கிடைத்தது. வீரியம் சற்றுக் குறைவு, ஆனால் நிறைய கிடைக்கிறது. அதற்கு மரத்தை வெட்டவே வேண்டாம். ரப்பர் மரத்தில் போல பட்டையைக் கீறிவிட்டால் தானே வடியும்.