தெருவில் நிற்கும் சிலையின் வண்ணம் எதனால் நிலைக்கிறது?

2022 ஜூலையில் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கிய சமயம், வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற அதன் சின்னமான ‘தம்பி’ குதிரையைச் சென்னையில் பார்க்காதவர்கள் குறைவு. அதற்கு வெகுகாலம் முன்பே, 1999-இல், சிகாகோ தெருக்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஃபைபர் பசுக்களை நிறுத்தினார்கள். உருவம் எல்லாம் ஒரு சில அச்சுகளில் வந்தவைதான். மேலே தீட்டிய வண்ணம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஜூரிச்சில் 1998-இல் பிறந்த யோசனை அது. பெர்லினில் அது கரடியானது, இன்னும் சில ஊர்களில் யானையானது.

ஓவியர் ஏணியில் நின்று தீட்டும்போது எல்லோரும் படம் எடுக்கிறோம். ஆனால் அந்த வண்ணம் எத்தனை கோடையைத் தாங்கும் என்பதில் பாதி, தூரிகை தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

ஃபைபர் உருவம் அச்சுக்குள் பிறக்கிறது. அச்சின் உள்பக்கம் மெழுகு தடவி, அதன்மேல் ஜெல்கோட் என்ற வழுவழுப்பான பூச்சு கொடுத்து, பிறகு கண்ணாடி இழை விரிப்பை அடுக்கி, ரெசின் என்ற பிசின் திரவத்தை ஊற்றி இறுக வைப்பார்கள். உருவம் அச்சில் ஒட்டாமல் கழன்று வர வேண்டும், அதற்குத்தான் மெழுகு. வெளியே எடுத்த பிறகு வில்லனும் அதே மெழுகுதான். அச்சில் ஒட்டாத மேற்பரப்பு, பெயின்ட்டையும் ஒட்ட விடாது.

காரணம் மேற்பரப்பு ஆற்றல். ஒரு திரவம் பரப்பில் படர்ந்து ஒட்ட வேண்டுமானால், திரவ மூலக்கூறுகள் தங்களுக்குள் இழுத்துக்கொள்வதைவிடப் பரப்பு அவற்றை நன்றாக இழுக்க வேண்டும். மெழுகின் இழுப்பு மிகவும் குறைவு. அதனால் பட்டறையில் எளிய சோதனை ஒன்று உண்டு: தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது. நீர் முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது. ஒரே படலமாக வழிந்தால் பரப்பு தயார். இதில் வரிசை முக்கியம். முதலில் கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதன்பிறகுதான் உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால், மெழுகு கீறல்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஒரு மழைக்காலம் போனதும் அந்த இடம் சரியாகத் தோல் தோலாக உரியும். நான் பார்த்த உரிந்த சிலைகளில் பலவற்றில் வண்ணத்தின் அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. அப்படியானால் அடியிலிருந்த வழுவழுப்பைச் சரியாகத் தேய்க்கவில்லை. குறை பெயின்ட்டில் இல்லை, அடியில்தான்.

தேய்த்த பரப்பில் பிரைமர் என்ற அடிப்பூச்சு. நுண்கீறல்களுக்குள் இறங்கி இறுகுவதால் அது கீழே பிடித்துக்கொள்கிறது. மேலே வரும் அக்ரிலிக் வண்ணத்துக்கும் பிடிமானம் தருகிறது.

வரைவதிலும் கணக்கு இருக்கிறது. நல்ல கண்ணால் பிரித்தறிய முடிகிற சிறு கோணம் ஒரு பாகையில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. 20 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு இது 6 மில்லிமீட்டர். இரண்டு கோடுகளுக்கு நடுவே அதைவிடக் குறைந்த இடைவெளி விட்டால் ஒன்றாகக் கலந்துவிடும். சாலையில் போகிறவருக்கான சிலையில் நுணுக்க வேலையைக் கொட்டுவது வீண். அருகில் வந்து தொட்டுப் பார்க்கும் குழந்தைகளுக்காகக் கீழ்ப்பகுதியில் அதைச் செய்யலாம்.

இனி வெயில். 300 நானோமீட்டர் புற ஊதாக் கதிரின் ஆற்றல் மோலுக்கு (துகள்களை எண்ணும் அலகு) சுமார் 400 கிலோஜூல். இரண்டு கார்பன் அணுக்களை இணைக்கும் ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 350 போதும். ரெசினும் வண்ணத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கும் கார்பன் சங்கிலிகள்தான். அதனால் வெயிலில் நிற்கும் சிலை நாள் முழுக்க மெல்ல மெல்ல அறுபடுகிறது. நிறமிகளில் முதலில் போவது பெரும்பாலும் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் மஜந்தாவும். அவற்றில் பல கரிம மூலக்கூறுகள், பிணைப்பு அறுந்தால் நிறம் போச்சு. செம்பைச் சுற்றிக் கட்டிய தாலோ நீலம் நன்றாகத் தாங்கும். காவி இன்னும் உறுதி. அது இரும்பு ஆக்சைடு, இனி ஆக்சிஜனேற்றம் அடைய அதில் ஒன்றும் மிச்சமில்லை. கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் பட்டைபட்டையாக அடிப்பதைப் பார்க்கும்போது, சரியான நிறமியைத்தான் நம் ஆட்கள் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

தம்பியின் வேட்டி போன்ற வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. இதில் இரண்டு படிக வடிவங்கள் புழக்கத்தில் உண்டு. அனடேஸ் வகை, ஒளி பட்டால் தன்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைச் சிதைக்கத் தூண்டும். சிலையைத் தடவினால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். வெளியில் நிற்பதற்கு ரூட்டைல் வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் மேலே காவலாக நிற்பது இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு. அதிலுள்ள உறிஞ்சிகள் புற ஊதாவை வாங்கி வெப்பமாக மாற்றிவிடும். கூடவே சேர்க்கும் நிலைப்படுத்திகள், அறுந்த சங்கிலிகளிலிருந்து பிறக்கும் துடிப்பான துணுக்குகளை அடக்கும். மலிவான அரோமாட்டிக் வகை வாங்கினால், அதுவே வெயிலில் மஞ்சளாகி வெள்ளை வேட்டியைக் கெடுத்துவிடும். வெளிவேலைக்கு அலிபாட்டிக் வகைதான் சரி.

இந்தப் பூச்சை இறுக வைக்கும் பாகமான ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்பிரே கன்னில் அடிக்கும்போது மூச்சில் போனால் ஆஸ்துமா வரவழைக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளியளவு கூட ஆகாது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. துணி தூசியைத்தான் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடி வேண்டும். அதன் விலையையும் சிலை வைப்பவர்கள் ஒப்பந்தத்தில் சேர்த்தே ஆக வேண்டும்.

கிளியர் கோட்டும் காலப்போக்கில் தேயும். பளபளப்பு மங்கத் தொடங்கும்போதே மிதமான சோப்பு நீரில் கழுவி, மேல்பூச்சை மட்டும் லேசாகத் தேய்த்துப் புதிதாக அடித்தால் ஓவியத்தைத் தொடவே வேண்டாம். கழுவுகிறேன் என்று தின்னரைக் கொண்டு துடைத்தால், கிளியர் கோட் தேய்ந்த இடங்களில் அடியிலுள்ள அக்ரிலிக் கரைந்து துணியோடு வந்துவிடும்.